17 சதவீத ஈரம்: காய வைக்கும் செலவு யார் தலையில்?

கடலூர் மாவட்டம் புவனகிரி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய அப்பா இரண்டரை ஏக்கரில் சம்பாவுக்கு சிஆர் 1009 ரக நெல் போட்டிருக்கிறார். அறுத்து, 60 குவிண்டாலை ஏற்றிக்கொண்டு அரசின் நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போனால் ஈரம் அளக்கும் மீட்டர் 20 சதவீதம் காட்டியிருக்கிறது. 17க்கு மேல் எடுக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். மறுநாள் மேகம் போட்டதும் பயந்துபோய், குவிண்டால் 1,900 ரூபாய்க்கு வியாபாரியிடம் போட்டுவிட்டார். அதே வாரம் வீட்டில் ஆயா ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிப் பார்த்து, “நம்ம நெல்லு ஆகாதாம், இது மட்டும் ஆகுமா?” என்று கேட்டிருக்கிறார். இந்தத் தரத்தை யார் வைப்பது? மற்ற நாட்டு விவசாயிக்கும் இதே கதிதானா? புதுச்சேரியின் பாகூரில் இருக்கும் மாமா, ரேஷனுக்குப் பதில் பணம் கொடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லை என்கிறார், அது சரியா?

நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) கைமாறும் இடங்களில்தான் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 17. அது நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பட்டியல் எழுத்தர் வைத்த எண் இல்லை. மாநில அரசு வைத்ததும் இல்லை. மத்திய உணவுத் துறை ஒவ்வொரு கொள்முதல் பருவத்துக்கும் ‘நியாயமான சராசரித் தரம்’ என்று ஒரு பட்டியல் வெளியிடுகிறது. நெல்லுக்கு அதில் இருப்பது இவ்வளவுதான்: மண், கல் 1 சதவீதம் வரை, வைக்கோல், பதர் போன்றவை 1, சேதமானது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு துளைத்தது எல்லாம் சேர்த்து 5, முற்றாத, சுருங்கிய மணி 3, தாழ்ந்த ரகக் கலப்பு 6, ஈரம் 17. நாடு முழுக்க ஒரே பட்டியல். பஞ்சாபில் அக்டோபர் மாதம் அறுக்கும் நெல்லுக்கும், காட்டுமன்னார்கோவிலில் தைப் பனியில் அறுக்கும் நெல்லுக்கும் ஒரே 17.

எண்ணுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொள்முதல் நெல்லை எடுத்துப் போகும் அரவை ஆலை, 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி, பச்சரிசி என்றால் 67 கிலோ திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த அரிசியில் ஈரம் 14க்குள் இருக்க வேண்டும். 22 சதவீத ஈரத்தோடு நெல் வந்தால், தண்ணீருக்கு எடை போட்டுப் பணம் கொடுத்த மாதிரி ஆகும், ஆலைக்காரர் கணக்கு உதைக்கும். அதைவிட முக்கியம், ஈர நெல்லை மூட்டை பிடித்து அட்டி போட்டால் உள்ளே சூடேறும். கையை விட்டுப் பார்த்தாலே கொதிப்பு தெரியும். அரிசி மஞ்சளாகும், பூஞ்சணம் பிடிக்கும். சில மாதம் வைத்திருக்கவே 14 சதவீதம் வேண்டும் என்பது உலகம் முழுக்க நெல் ஆராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆக, எண்ணின் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

கோபம் வேறு இடத்தில். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமே, நெல்லை அறுக்கச் சரியான பதம் மணியில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கும்போது என்கிறது. அதற்கு மேல் வயலிலேயே காயவிட்டால் மணி உதிரும், உள்ளே அரிசி வெடிக்கும். அதாவது ஒழுங்காக விவசாயம் பார்க்கிறவன் அறுக்கிற நெல், அறுத்த அன்றைக்கே கொள்முதலுக்குத் தகுதியில்லாத நெல். முன்பு இது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. அரிவாளால் அறுத்து அரி போட்டு, ஒரு நாள் வயலில் காய்ந்து, கட்டுக் கட்டித் தூக்கி, களத்தில் அடித்து, தூற்றி முடிப்பதற்குள் ஈரம் தானாக இறங்கியிருக்கும். இப்போது ஆள் கிடையாது. பெல்ட் போட்ட அறுவடை வண்டி இறங்குகிறது, மணிக்கணக்கு வாடகை, மதியத்துக்குள் நெல் டிரெய்லரில். அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. காய வைக்கிற வேலை மட்டும் தாத்தா காலத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறது, அதற்கான களங்களும் வீட்டு மனையாகிவிட்டன.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகிற சாலையில் தை, மாசியில் போய்ப் பாருங்கள். தார் ரோட்டின் ஒரு பக்கம் நெல் நீளமாகப் பரப்பியிருக்கும். ஓரத்தில் கருங்கல்லும் வேலிமுள்ளும் வரிசையாக, பஸ் ஏறிவிடக்கூடாது என்று. ஒரு அம்மா காலை இழுத்து இழுத்து நெல்லில் கோடு போட்டபடி அந்தக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வருவார். அடியில் இருப்பது மேலே வர வேண்டும். பனி விலகக் காலை ஒன்பது, பத்து ஆகும். நாலு மணிக்கெல்லாம் அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டாக வேண்டும். நடுவில் இருக்கும் ஆறு மணி நேர வெயில்தான் காய்ச்சல். இருபதிலிருந்து பதினேழுக்கு இறக்க இப்படி இரண்டு நாள் போகும். ராத்திரி காவலுக்கு ஒருவர் அங்கேயே படுக்க வேண்டும். சொந்தச் சிமெண்ட் களம் உள்ளவருக்கு இது ஒரு வேலை. இல்லாதவருக்கு இது சாலை, கூலி, தார்ப்பாய் வாடகை, மழை பயம். தரம் என்கிற பெயரில் எழுதப்பட்ட அந்த 17, களம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்கிற கோடாக மாறுவது இங்கேதான்.

உங்கள் அப்பாவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்துக்குப் பொது ரக நெல்லுக்கு மத்திய ஆதார விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131, ஆக 2,500 ரூபாய். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் 80 கிலோ காய்ந்த பொருள். அதை 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எடை 96.4 கிலோ. கூடுதல் தண்ணீர் 3.6 கிலோ, அதன் விலை 90 ரூபாய். 60 குவிண்டாலுக்குச் சுமார் 5,400 ரூபாய். இதுதான் அந்த ஈரத்தின் நேர்மையான மதிப்பு. காய வைக்கிற செலவையும் சேர்த்துப் பிடித்தாலும் இன்னும் சில ஆயிரம். ஆனால் திருப்பி அனுப்பப்பட்டதால் அவர் இழந்தது குவிண்டாலுக்கு 600, மொத்தம் 36,000. ஐயாயிரத்துச் சொச்சத்துக்கும் முப்பத்தாறாயிரத்துக்கும் நடுவில் இருக்கிற தொகையை ஈரம் தின்னவில்லை. ‘எடுப்போம் அல்லது எடுக்க மாட்டோம்’ என்கிற விதி தின்றது.

இதைத்தான் மற்ற நாடுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஈர நெல் எல்லா நாட்டிலும் விளைகிறது. வியட்நாமில் மேகோங் டெல்டாவில் பெரும்பாலான விவசாயிகள் நெல்லைக் காய வைப்பதே இல்லை. வியாபாரியின் படகு வாய்க்காலில் வந்து நிற்கும், வயலிலிருந்து ஈர நெல் நேராகப் படகில் ஏறும். ஈர நெல்லுக்கென்றே சந்தையில் ஒரு விலை உண்டு. காய வைப்பது ஆலையின் வேலை. அமெரிக்காவில் கலிபோர்னியா, ஆர்கன்சாவில் ஈரத்தோடுதான் உலர்த்தும் ஆலைக்குக் கொண்டுபோவார்கள். உலர்த்தும் கட்டணம் இவ்வளவு, ஈரத்துக்குக் கழிவு இவ்வளவு என்று அட்டவணை இருக்கும். ஜப்பானில் விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களே ஊருக்கு ஊர் உலர்த்தும் நிலையங்கள் வைத்திருக்கின்றன.

இந்த நாடுகள் பணக்கார நாடுகள் அல்லது ஏற்றுமதி நாடுகள், நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் பிலிப்பைன்ஸைப் பார்க்கலாம். நம்மைப் போலவே சின்னச் சின்ன நிலம், நம்மைப் போலவே புயல். அங்கே தேசிய உணவு ஆணையம் காய்ந்த நெல்லுக்கு ஒரு விலையும் ஈர நெல்லுக்கு ஒரு விலையும் அறிவிக்கிறது. 2024ல் அறிவித்தபோது காய்ந்த நெல்லுக்குக் கிலோ 23 முதல் 30 பெசோ, ஈர நெல்லுக்கு 17 முதல் 23 பெசோ. வித்தியாசம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஈர நெல்லுக்கும் வாசல் வைத்த முறை அது. தாய்லாந்து 2011ல் யிங்லக் ஷினவத்ரா ஆட்சியில் டன்னுக்கு 15,000 பாத் என்று அறிவித்த திட்டத்திலும் 15 சதவீத ஈரத்துக்குத்தான் அந்த முழு விலை, அதற்கு மேல் ஈரம் கூடக் கூடக் கழிவு. அந்தத் திட்டம் வேறு காரணத்தால் படுத்துப்போனது. சந்தை விலைக்கு மிக மேலே கொடுத்து வாங்கி, கிடங்கில் அடைத்து வைத்து, 2012ல் உலகின் முதல் அரிசி ஏற்றுமதி நாடு என்கிற இடத்தையே இந்தியாவிடம் விட்டார்கள். விலையை எங்கே வைப்பது என்பதில் தப்பினார்கள், ஈரத்தை அளப்பதில் தப்பவில்லை.

நம் ஊரில் ஈரத்துக்குத் தளர்வே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அது விதியாக இல்லை, தயவாக இருக்கிறது. மழை பெய்யும், நெல் முளைக்கும், மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து சாக்கில் மாதிரி எடுத்துக்கொண்டு போகும், பிறகு உத்தரவு வரும். 2022 அக்டோபரில் 22 கேட்டதற்கு 19 கிடைத்தது. 2023 பிப்ரவரியில் 20 வரை எடுக்க அனுமதி வந்தது. கடிதத்துக்கும் உத்தரவுக்கும் நடுவில் போகிற நாள்களில் களமில்லாத சின்ன விவசாயி விற்றுவிட்டுப் போயிருப்பார். உத்தரவு வரும்போது நெல் வைத்திருப்பவர் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில் ஒவ்வொரு வருடமும் வருகிறது. 2011 டிசம்பர் 30ல் ‘தானே’ என்ற புயல் நம் மேலேயே கரையேறியது. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, அடுத்த நாள்களில் தென்பெண்ணை கடலூரைப் புரட்டிப்போட்டது. தெரிந்த மழைக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக அனுமதி கேட்பதில் அர்த்தமே இல்லை. 17 முதல் 22 வரை ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு கழிவு என்று அட்டவணையாக முன்கூட்டியே போட்டுவிட்டால் போதும், உலர்த்தும் இயந்திரத்தை நெல் எடுக்கிற நுகர்பொருள் வாணிபக் கழகமே வைத்துக்கொள்ளட்டும். இதில் செலவு இருக்கிறது. ஆனால் அந்தச் செலவு இன்றைக்கும் இருக்கிறதுதானே, உங்கள் அப்பா தலையில்.

இன்னொரு வாசல் காகிதம். நிலையத்தில் பதிவு செய்ய, நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்கு அடங்கலில் பேர் இருக்காது. நிலத்துக்காரர் கையெழுத்துப் போட யோசிப்பார். நெல் பொன்னாக இருந்தாலும் அவர் வியாபாரியிடம்தான் போக வேண்டும். அந்த வியாபாரி அதைக் காய வைத்து, யாருடைய சிட்டாவிலோ அதே நிலையத்தில் போடுவதைக் கடலூர் மாவட்டத்தில் தெரியாதவர் கிடையாது. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க மத்திய அரசு வைத்த சாந்தகுமார் குழு 2015ல் கொடுத்த அறிக்கையில், நாட்டின் விவசாயிகளில் 6 சதவீதம் பேர்தான் ஆதார விலைக்கு அரசு முகமைகளிடம் விற்கிறார்கள் என்று இருந்தது. தமிழ்நாட்டில் சராசரி நிலமே முக்கால் ஹெக்டேர். ஆதார விலை என்று செய்தியில் வருகிற எண்ணுக்கும் கிராமத்து வறுமைக்கும் நடுவில் ஈரமும் அடங்கலும் நிற்கின்றன.

சரி, உலகத் தரம் என்று வெளிநாட்டுக்குப் போகிற பொருளுக்குச் சொல்கிறார்களே, அது வேறு ஜாதியா? இல்லை, அதுவும் கடைசியில் காய வைப்பதில்தான் வந்து நிற்கிறது. விருத்தாசலம், பண்ருட்டி பக்கத்து மல்லாட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிய காயைச் சரியாகக் காய வைக்காமல் குவித்தால் ஒரு பச்சைப் பூஞ்சணம் வரும், அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963ல் ஏற்படுத்திய கோடெக்ஸ் ஆணையம், மேற்கொண்டு பதப்படுத்தும் கடலைக்கு நூறு கோடியில் 15 பங்கு வரை இருக்கலாம் என்கிறது. அமெரிக்கா 20 வரை விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாகத் தின்கிற கடலைக்கு 4தான். 1995ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது, கோடெக்ஸைவிடக் கடுமையாக வைக்க வேண்டுமானால் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். இருந்தாலும் பெரிய சந்தை வைத்திருப்பவர் வைத்ததே சட்டம்.

இதன் விலையை 2001ல் உலக வங்கி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கோடெக்ஸ் அளவோடு ஒப்பிட்டால், ஐரோப்பாவின் கடுமையான அளவால் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளின் தானியம், கொட்டை, உலர்பழ ஏற்றுமதி வருடத்துக்கு 67 கோடி டாலர் வரை குறையும். அதனால் ஐரோப்பாவில் தவிர்க்கப்படும் மரணம் நூறு கோடி பேருக்கு 1.4. இதைப் படிக்கிறவருக்குத் தரம் என்பதே பணக்கார நாட்டின் சதி என்று தோன்றும். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. 2004ல் கென்யாவில் அஃப்ளாடாக்சின் ஏறிய மக்காச்சோளம் தின்று 317 பேர் நோயில் விழுந்தார்கள், 125 பேர் செத்தார்கள். அது ஏற்றுமதிச் சோளம் இல்லை. வறட்சிக் காலத்தில் ஏழைக் குடும்பங்கள் ஈரத்தோடு வீட்டுக்குள் சேர்த்து வைத்த, தங்கள் சொந்த விளைச்சல். ஏற்றுமதிக்கு ஆகாதது உள்ளூருக்கு என்று ஒதுக்கினால், அந்த நஞ்சு ஏழை தட்டில்தான் விழும். நம்மூரிலும் பூஞ்சணம் பிடித்த மல்லாட்டைப் பருப்பைத் தூக்கிக் கொட்டுவதில்லை, செக்குக்குப் போகிறது. சுத்திகரிக்காத எண்ணெயில் நஞ்சு தங்கும், புண்ணாக்கு வழியாக மாட்டுக்குப் போய்ப் பாலில் வரும். ஆகவே தரத்தைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். தரத்தை எட்டுவதற்கான களத்தையும் கிடங்கையும் ஏழைக்கும் கொடு என்றுதான் கேட்பேன்.

தரம் கூடினால் சின்ன விவசாயி வெளியே போவார், அப்புறம் கிராமம் முழுக்க நொடிக்கும் என்று சொல்வதும் பாதி உண்மைதான். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் பீன்ஸ் போகிறது. தரக்கட்டுப்பாடு இறுகியபோது கம்பெனிகள் சின்ன விவசாயிகளோடு போட்ட ஒப்பந்தத்தைக் குறைத்துக்கொண்டு, சொந்தப் பண்ணை வைத்தன. ஆனால் அந்தப் பண்ணையிலும் தரம் பிரிக்கும் கூடத்திலும் நிலமில்லாத ஏழைகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, கூலி வேலை கிடைத்து வறுமை குறைந்தது என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். பண்ருட்டியைத் தெரிந்தவருக்கு இது புரியும். முந்திரிக்கொட்டை உடைப்பதும் பருப்பைத் தோல் உரிப்பதும் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று பிரிப்பதும் பெண்கள்தான். ஒரு பவுண்டில் 300 முதல் 320 பருப்பு நின்றால் அது 320. கண்ணாலேயே பிரித்துப் போடுவார்கள். அந்தத் தரம்தான் பருப்புக்கு விலை வைக்கிறது, அவர்களுக்குச் சோறும் போடுகிறது. ஆனால் கொட்டை எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த விரலுக்கு எந்தத் தரப்பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். ரேஷனுக்கு வாங்குகிற அரிசிக்கும் தரம் உண்டு, ஆனால் அது தாராளமானது. பச்சரிசியில் 25 சதவீதம் வரை, புழுங்கலில் 16 சதவீதம் வரை நொய் இருக்கலாம். ஈர விஷயத்தில் கடிதமும் உத்தரவும் இல்லாமல் விவசாயிக்கு ஒரு சதவீதம் கூட விட்டுக்கொடுக்காத அமைப்பு, சாப்பிடுகிறவருக்கு நொய் விஷயத்தில் இவ்வளவு தாராளம் காட்டுகிறது என்று ஆயா கேட்டால், நியாயம் அவர் பக்கம். ஒன்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்: முறத்தில் கொஞ்சம் வேறு நிறமாக, வழுவழுப்பாக, தண்ணீரில் மிதக்கிற சில மணிகள் தெரிந்தால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிய வேண்டாம். அது அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவில் பிழிந்த மணி. நூறுக்கு ஒன்று வீதம் கலந்தது.

பாகூர் மாமாவின் யோசனை சும்மா தள்ளிவிடக் கூடியது இல்லை, ஏனென்றால் அவர் அதில் வாழ்ந்து பார்த்தவர். 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட ஆரம்பித்தார்கள். அரிசியா பணமா என்று முதல்வராக இருந்த நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த இழுபறி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடை பூட்டியே கிடந்து, 2024 தீபாவளிச் சமயத்தில்தான் மறுபடி இலவச அரிசிக்குத் திறந்தார்கள். தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்தனை வருடம் பெரும்பாலும் பணம். உலகில் இந்த வாதம் எல்லா நாட்டிலும் ஓடுகிறது, ஆனால் இரண்டு முறையையும் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்க முடிந்த இடம் நம்முடையது.

பணத்தின் நல்லது தெரிந்ததே: பிடித்த அரிசி வாங்கலாம், பருப்பு வாங்கலாம், எடையில் ஏமாற்று இல்லை. கெட்டது, விலை ஏறும்போது பணம் ஏறாது. மெக்சிகோவில் சில கிராமங்களுக்குப் பொருளாகவும் சில கிராமங்களுக்குப் பணமாகவும் கொடுத்துப் பார்த்தபோது, பொருள் வந்த கிராமங்களில், அதிலும் போக்குவரத்து குறைந்த ஊர்களில், கடை விலையே இறங்கியது. ரேஷன் வாங்காதவருக்கும் அதில் பலன். பண்ருட்டி முந்திரிக்காட்டு ஊர்களிலோ கடலோரக் குப்பங்களிலோ ரேஷன் அரிசி தெருக்கடை அரிசி விலையைக் கட்டிப்போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாமா யோசிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது, உங்கள் அப்பாவுக்கு அதுதான் முக்கியம். அரிசி கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உள்ள அரசுக்குத்தான் நெல் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இருக்கும். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14ல் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகமே தஞ்சாவூரில்தான். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972ல் வந்தது. ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் நிற்பதற்குக் காரணம் ஊருக்கு ஊர் நிற்கிற ரேஷன் கடை. அரிசியைப் பணமாக்கிவிட்டால், நெல் எடுக்க ஆள் எதற்கு என்ற கேள்வி தானாக எழும். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். அங்கே விளையும் நெல் பெரும்பாலும் வியாபாரி வைத்த விலைக்குத்தான் போகிறது. ஈரத்துக்காகத் திருப்பி அனுப்ப அங்கே ஆள் இல்லை என்றால், எடுத்துக்கொள்ளவும் ஆள் இல்லை என்று அர்த்தம்.

உலக வர்த்தக விதிகளும் அந்தப் பக்கமே தள்ளுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளைச்சலோடு தொடர்பில்லாமல் விவசாயி கணக்கில் போடும் பணத்துக்கு வரம்பு கிடையாது. ஐரோப்பா 1992லிருந்து படிப்படியாக அந்த முறைக்கு மாறிக்கொண்டது. ஆதார விலை கொடுத்து வாங்கினால் மட்டும் விளைச்சல் மதிப்பில் 10 சதவீதம் என்று வரம்பு, அதையும் 1986-88 காலத்து விலையை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய விலை. 2013ல் பாலி மாநாட்டில் ‘சமாதான விதி’ என்று, வரம்பைத் தாண்டினாலும் மற்ற நாடுகள் வழக்குப் போடாதபடி ஒரு தற்காலிகப் பாதுகாப்பு கிடைத்தது. 2018-19ல் அரிசிக்கு வரம்பைத் தாண்டியபோது அதைப் பயன்படுத்திய முதல் நாடு இந்தியா. நிரந்தரத் தீர்வு இன்னும் வரவில்லை.

இனி அடுத்த அறுவடைக்கு என்ன செய்யலாம். நெல்லை இரண்டு விரல் கனத்துக்கு மேல் பரப்ப வேண்டாம், அரை மணிக்கு ஒரு தரம் கிளறுங்கள். சாயங்காலம் கட்டாயம் மூடுங்கள், பனியில் ஈரம் திரும்ப ஏறினால் மணி உள்ளே வெடித்து நொய் கூடும். ஏற்றுவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை: நன்றாக வறுத்து ஆறவைத்த தூள் உப்பு ஒரு கை, நெல் நாலு கை, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டவே இல்லை என்றால் ஈரம் 15க்குக் கீழே, தைரியமாக ஏற்றலாம். கொஞ்சமாக ஒட்டினால் விற்பனைக் கூடத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மீட்டர் இருக்கும், கேட்டுப் பாருங்கள். வெயிலில் சுட்ட நெல்லை உடனே மீட்டரில் போட்டால் அளவு தவறலாம், ஆறவிட்டுப் போடச் சொல்லுங்கள். நிலையத்தில் ஒரே மூட்டையை வைத்து முடிவு செய்ய விடாதீர்கள், நாலைந்து மூட்டையில் குத்தூசி போட்டு எடுக்கச் சொல்லுங்கள். திருப்பினால் என்ன அளவு என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டார்கள், ஆனால் கேட்டதும் பல தடவை இன்னொரு முறை அளப்பார்கள்.

அப்புறம் களம். வருகிற கிராம சபையில் உலர்களம் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எதுவானாலும் சரி, சம்பா அறுவடைக்கு முன்னால் வருகிற கூட்டமாக இருக்கட்டும். புறம்போக்கில் எங்கே இடம் இருக்கிறது என்று சர்வே எண்ணோடு போனால்தான் தீர்மானம் நகரும். குத்தகைக்காரர்களும் அதே களத்தைப் பயன்படுத்தலாம் என்ற வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.